பாதையில் பிறர் பங்கு

பெட்ரோல் விலை ஏறியது என்ற செய்தியைக் கேட்டு முகம் சுளிக்காத வீடு நம் நாட்டில் இல்லை. ஆயினும் அச்செய்தி வரும்போது ஒரே வீட்டில் ஒரு கண் அழ, மறு கண் ஆறுதல் கொள்ளும் விந்தையைக் காண விரும்புவோர் மேலப்பாளையத்துக்கோ கடையநல்லூருக்கோ காயல்பட்டினத்துக்கோ வருதல் வேண்டும். அங்கே மூத்த மகன் அரபு நாட்டில் சபராளியாக இருப்பான். எண்ணெய் விலை உயர்ந்தால் அவன் இருக்கும் நகரில் புதிய கட்டடங்கள் எழும். அவன் வேலை நிலைக்கும். மாதந்தோறும் பணம் வந்து சேரும். அதே விலை உயர்வால் இங்கே இளைய மகனின் பைக் வீட்டோடு நிற்கும். லாரி வாடகை ஏறும். உம்மா வாங்கும் கத்தரிக்காயிலும் அந்த ஏற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை சுழியத்துக்கும் கீழே இறங்கியது. அதைக் கேட்டு அந்த வீடுகளில் எவரும் மகிழ்ந்து விருந்து வைக்கவில்லை. நோய்த்தொற்றும் எண்ணெய் வீழ்ச்சியும் ஒருங்கே தாக்க, வேலை இழந்து பெட்டியோடு திரும்பி வந்த பிள்ளைகளை வாசலில் நின்று வரவேற்க வேண்டியிருந்தது.

ஆகவே, விலை ஏறுவது தீமை, இறங்குவது நன்மை என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாத இடத்தில் நாம் நிற்கிறோம். இதனினும் வேதனையானது ஒன்றுண்டு. பாலை மண்ணின் எண்ணெயால் விளைந்த ஊதியம் இங்கே வந்து காராகிறது. அந்தக் காரை ஓட்டுவதற்கு அதே எண்ணெயை வாங்குகிறோம். பணம் வந்த வழியே திரும்பிப் போகிறது. இடையில் கரைந்து போவது ஒரு மனிதனின் இளமை. இருபது ஆண்டுப் பிரிவின் விலை, பாதி நாள் வாசலில் உறை போர்த்தி நிற்கும் ஒரு வாகனம்தானா என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இக்கட்டுரையை எழுதும் நமக்கும் ஒரு கார் உண்டு. எனவே பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தகுதி நமக்கில்லை. நம்மையே நாம் கேட்டுக்கொள்ளும் கேள்வியைத்தான் வாசகர் முன் வைக்கிறோம்: ஒருவர் எவ்வாறு பயணம் செய்கிறார் என்பது அவருடைய பணப்பையை மட்டும் பொறுத்த செய்தியா? அன்றி அதில் அறம் என்று ஒன்று உண்டா?

விலையே நல்லாசான் என்பர் பொருளியலார் சிலர். விலை ஏறினால் மக்கள் தாமே சிக்கனம் பழகுவர் என்பது அவர் வாதம். வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்காசியப் போரையொட்டி அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலர் அளவுக்கு உயர்ந்தது. அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் சென்று தம் எதிர்ப்பைக் காட்டினார். அதே மாதத்தில் ஹாலந்து நாட்டு அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று ஆணையிட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டி ஓட்டி மகிழ்ந்தனர்.

இரண்டும் ஒரே நெருக்கடியில் பிறந்த காட்சிகள். மாட்டு வண்டி ஒரு நாள் படமாகி மறைந்தது. ஹாலந்திலோ, சாலை விபத்துகளில் பிள்ளைகள் மாண்டது கண்டு கொதித்தெழுந்த பெற்றோரின் இயக்கமும் எண்ணெய்த் தட்டுப்பாடு தந்த படிப்பினையும் சேர்ந்துகொண்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் மிதிவண்டிக்கென்று தனிப்பாதைகள் பெருகின. விலை இரு நாடுகளுக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்தியது. கற்றுக்கொள்வது மாணவனின் மனத்தைப் பொறுத்தது.

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. பெட்ரோல் விலை மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 2010ஆம் ஆண்டு ஜூனில் நீங்கியது. 2017ஆம் ஆண்டு ஜூன் முதல் விலை நாள்தோறும் மாற்றப்படலாயிற்று. 2021ஆம் ஆண்டில் தமிழகத்தில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. ஒவ்வொரு படியிலும் நாம் சினந்தோம், வரியைப் பழித்தோம். மத்திய, மாநில வரிகள் அவ்விலையில் பெரும்பங்கு வகிப்பது உண்மையாதலின் அப்பழிப்பிலும் நியாயம் இருந்தது. பின்னர் என்ன செய்தோம்? பழகிக்கொண்டோம். விலை ஏறியபோது எழுந்த விழிப்பு, அது பழகியவுடன் உறங்கிப் போயிற்று. விலையால் வரும் சிக்கனம் பணத்தின் மீது கொண்ட பற்றே ஒழிய வேறில்லை. செல்வனை அது தீண்டுவதில்லை. ஏழையை மட்டும் வாட்டுகிறது.

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று இளமையில் நமக்குக் கற்பித்தார்கள். ஆற்று நீருக்கு விலையில்லை; அள்ள அள்ளக் குறைவதுமில்லை. ஆயினும் வீண் வீணே என்பதுதான் அப்பாடம். பொருளின் விலையைக் கொண்டு வீண்செலவை அளக்கலாகாது என்ற இவ்வுண்மை, தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்கு விளங்காமற் போகுமா?

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறிய கார் ஏறத்தாழ 800 முதல் 1000 கிலோ வரை எடை கொண்டது. அதில் தனியாக அமர்ந்து செல்பவரின் எடை 60 அல்லது 70 கிலோ. பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேர்கிறது. எஞ்சியது வெப்பமாய் வீணாகிறது. சேர்ந்த பங்கிலும் பெரும்பகுதி இரும்பை நகர்த்தவே செலவாகிறது. மனிதனை நகர்த்தப் பயன்படுவது மிகச் சிறு துளியே. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தனியே சென்றால் ஒரு லிட்டர் ஒருவரை 15 கிலோமீட்டர் கொண்டு சேர்க்கிறது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் 50 பேர் அமர்ந்திருந்தால், அதே ஒரு லிட்டர் 250 கிலோமீட்டர்ப் பயணத்தைப் பகிர்ந்து அளிக்கிறது. பேருந்து பாதி காலியாக ஓடினாலும் வேற்றுமை பெரிதே. எரிந்து முடிந்த ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் 2.3 கிலோ அளவு கரிவளியாகக் காற்றில் கலக்கிறது. அதைச் சுமப்பவர் யார்? காரில் செல்பவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார்.

நம் பள்ளத்தாக்கின் கதையை அறிந்தவர்களுக்குக் கூட்டுப் பயணம் புதிதன்று. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆறு கிடந்து மக்களைப் பிரித்த காலம் ஒன்றிருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து எழுப்பிய பாலம் 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவர் பெயரால் அது இன்றும் நிற்கிறது. தாம் ஒருவர் மட்டும் கடப்பதற்கு அவருக்கு ஓர் ஓடமும் இரண்டு ஆட்களும் போதுமாயிருந்திருக்கும். அச்செல்வத்தை அவர் எல்லாருக்குமான வழியாக மாற்றினார். 1876ஆம் ஆண்டில் நெல்லைக்கு ரயில் வந்தது. 1903ஆம் ஆண்டுக்குள் அது கல்லிடைக்குறிச்சியைக் கடந்து செங்கோட்டை வரை சென்றது; 1923ஆம் ஆண்டில் திருச்செந்தூரைத் தொட்டது. பேருந்துகள் நாட்டுடைமையானபின் 1974ஆம் ஆண்டில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997ஆம் ஆண்டில் அப்பெயர் நீங்கினாலும் முதியோர் பலர் நாவில் அது இன்னும் நீங்கவில்லை.

பழமையெல்லாம் பொற்காலம் என்று நாம் கூறவில்லை. மாட்டு வண்டியில் மருத்துவரிடம் கொண்டு செல்லும் வழியிலேயே உயிர் நீத்த கர்ப்பிணிகள் எத்தனை பேர்! எந்தத் தெருவில் எவர் செருப்பணிந்து நடக்கலாம், எவர் வண்டியேறிப் போகலாம் என்று சாதி வரையறுத்த கொடுமையையும் இம்மண் கண்டிருக்கிறது. ரயில் பெட்டியும் பேருந்து இருக்கையும் அக்கொடுமையின் முதுகில் விழுந்த அடிகள். பயணச்சீட்டு வாங்கியவர் எவராயினும் பக்கத்தில் உட்காரலாம் என்ற நியதி, மேடைப் பேச்சுகள் செய்யாத வேலையைச் சத்தமின்றிச் செய்தது. அந்த இருக்கையை விட்டு நாம் ஒவ்வொருவராய் எழுந்து போகிறோம் என்பதே நம் கவலை.

அண்மையில் அம்பாசமுத்திரத்தில் ஒரு நிக்காஹ் விருந்துக்காக நெல்லையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் சென்றோம். பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர் என்று நின்று நின்று போகும் வண்டி அது. இரு மருங்கும் வயலும் வாழையும். எதிரில் கல்லூரிப் பெண்கள் சிலர் பாடம் படித்துக்கொண்டு வந்தனர். பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பெரியவர் ஒருவர் தம் மூட்டையிலிருந்து முறுக்கை எடுத்து நமக்கும் நீட்டினார். மனநிறைவோடு இறங்கி விருந்து வீட்டை அடைந்தோம். வாசலில் நின்றவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "என்ன காக்கா, கார் ரிப்பேரா?" என்று பரிவோடு கேட்டார். இல்லை, ரயிலில் வர விரும்பினோம் என்றோம். அவர் நம்பவில்லை. நமக்கு ஏதோ பணமுடை வந்துவிட்டதென்று இரங்கியது அவர் முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அந்த இரக்கம் நம்மைச் சிறிது சுட்டது. அடுத்த விருந்துக்குக் காரிலேயே போய்விடலாமா என்ற எண்ணமும் எழுந்து மறைந்தது.

நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. கால் நோவதால் காரேறுவோரைவிட, கௌரவம் நோகாதிருக்கக் காரேறுவோர் பெருகிவிட்டனர். மாப்பிள்ளை வீட்டார் கேளாமலே கேட்கும் பொருள்களில் காரும் சேர்ந்துவிட்டது. பீடி சுற்றியும் தறி நெய்தும் பிள்ளைகளை வளர்த்த பெற்றோர், பெண்ணின் வாழ்வுக்காகக் கடன் பட்டு ஒரு வாகனத்தை வாங்கி நிறுத்துகின்றனர். தறிச்சத்தம் கேட்ட குறுகிய தெருக்களில் அவை நிற்க இடமின்றி நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு முதியவர்கள் பள்ளிவாசலுக்கு நடக்கின்றனர்.

நுண்ணறிவாளராகிய நம் சட்டப் பெரியோர் மனிதரின் வேண்டுதல்களை மூன்று படிகளாகப் பகுப்பர்: இன்றியமையாதன, இடர் நீக்குவன, அழகு சேர்ப்பன. இந்த அளவுகோலைக் கையில் எடுப்போம். நள்ளிரவில் நோயாளியை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் கார் முதற்படியைச் சேர்ந்தது. நடக்க இயலாதவரின் மூன்று சக்கர வண்டியும் அவ்வாறே. மாலைக்குப் பின் பேருந்து வாராத சிற்றூரிலிருந்து வேலைக்குச் செல்லும் இளைஞனின் பைக்கும், துணி மூட்டை சுமக்கும் வியாபாரியின் வேனும் இரண்டாம் படியைச் சேர்ந்தவை. இவர்களைப் பார்த்து வண்டியை விடு என்று கூறுவது அறமாகாது. அது வசதி படைத்தவனின் உபதேசமாய் முடியும். ஆனால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் பாளையங்கோட்டைச் சாலையில், பகல் வேளையில், உடல் நலமுள்ள ஒருவர் தனியாகக் காரில் சென்று கடை வாசலை மறித்து நிறுத்துகிறாரே, அவருடைய பயணம் எந்தப் படியைச் சேரும்? மூன்றாம் படியில் அதற்கு இடம் தரலாம் என்றால், அழகு சேர்ப்பது பிறர் வழியை மறிக்கலாகாது என்ற நிபந்தனையை மறக்கலாகாது.

"என் பணம், என் கார், என் உரிமை, இதில் பிறருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பார் உளர். இதற்கு விடை சொல்ல நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. நம் ஆற்றின் மீதுள்ள அணைக்கட்டுகளைப் பார்த்தால் போதும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இறுதியில் நிற்பது ஸ்ரீவைகுண்டம். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் வயல்களுக்கு நீர் கொண்டு செல்கின்றன. தலைமடையில் நிலம் வைத்திருப்பவன் வேண்டிய மட்டும் மடையைத் திறந்துகொண்டால் அவனுக்கு ஒரு குறையும் நேராது. கடைமடை காய்ந்து போகும். அவன் எவர் வயலிலும் புகுந்து திருடவில்லை. தன் வரப்பைத் தாண்டவுமில்லை. ஆயினும் கடைமடைக்காரன் வீட்டில் அடுப்பு எரியாமற் போனதற்கு அவன் பொறுப்பாளி அல்லனா?

சாலையும் ஒரு கால்வாயே. அதன் அகலம் எல்லாருக்கும் பொது. பேருந்தும் அவ்வாறே. வசதியுள்ளவர் அதை விட்டு விலகும்போது ஓர் இருக்கை காலியாகிறது என்பதோடு முடிவதில்லை. வருமானம் குறைகிறது, நட்டக் கணக்கு ஏறுகிறது, ஆள் இல்லை என்று ஒரு நடை நிறுத்தப்படுகிறது. நடை குறைந்ததால் காத்திருக்க முடியாத இன்னொருவர் கடன் வாங்கி பைக் வாங்குகிறார். இறுதியில் கடைமடையாய் எஞ்சுபவர் யார்? வண்டி வாங்கவும் முடியாமல், ஓட்டவும் தெரியாமல் நிறுத்தத்தில் நிற்கும் கிழவியும் பள்ளிச் சிறுமியும்தான். அன்றியும் செல்வாக்குள்ளோர் பயணம் செய்யாத பேருந்தில் கூரை ஒழுகினாலும் அதைக் கேட்கக் குரல் எழுவதில்லை. நாம் விலகியபோது பணத்தை மட்டுமன்றி நம் குரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இதனை இலவசம் என்று இகழ்ந்தவரும் உண்டு. சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் செலவையும், அதற்காக வீழ்த்தப்பட்ட நிழல் மரங்களையும் எவரும் காருக்குத் தந்த இலவசம் என்று கூறுவதில்லை! வேலைக்கும் மருத்துவமனைக்கும் கணவனிடமோ மகனிடமோ காசு கேளாமல் சென்றுவர ஒரு பெண்ணுக்கு வழி பிறந்தது. கார் தரும் சுதந்திரத்தைப் பற்றி நிரம்பப் பேசுகிறோம், இதுவும் சுதந்திரமே.

மின்சாரக் கார் வந்துவிட்டது. இனிக் கவலை இல்லை என்பர் சிலர். அண்டையிலுள்ள தூத்துக்குடியில் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இளைஞர்க்கு வேலை கிடைப்பதும், புகை குறைவதும், எண்ணெய்க்காகப் பிற நாடுகளைச் சார்ந்திருக்கும் நிலை தளர்வதும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் மின்சாரத்தால் ஓடுவதால் கார் ஒடுங்கிவிடாது. நிற்பதற்கு அதே இடம் வேண்டும். சந்திப்பில் அதே நெரிசல் நேரும். பகட்டு பெட்ரோலால் ஓடினால் என்ன, மின்சாரத்தால் ஓடினால் என்ன?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களை இப்பள்ளத்தாக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை கடந்தது, சாலைகள் அறுந்தன, கார்கள் நீரில் மிதந்தன. காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக ஈரத்தைத் தாங்கவல்லது என்கிறது அறிவியல். அந்த ஒரு மழைக்கு நம் வாகனங்களே காரணம் என்று அடித்துக் கூறுதல் அறிவுடைமை ஆகாது. எனினும் வானத்தின் கணக்கில் நம் பற்றும் உண்டு என்பதை மறுப்பதும் அறிவுடைமை ஆகாது.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் வெள்ளத்தில் போய்விட்டன. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள், தாமே வெள்ளத்தின் நடுவில் இருந்தும், தம் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். எவர் எவ்வூரார், எச்சமயத்தார் என்று யாரும் கேட்கவில்லை. வழியில் இருப்பவர் அனைவர்க்கும் வழியின் மீது உரிமை உண்டு என்பதை அவ்வூரார் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்? அரசு செய்ய வேண்டியவை பல. சிற்றூர்களுக்கு இரவு நடை வேண்டும். பாசஞ்சர் ரயில்கள் வேண்டும். நடப்போர்க்கு நடைபாதை வேண்டும். இவற்றைக் கேட்பதற்கு முன் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பேருந்து ஓடும் வழியில் வாரத்தில் இரண்டு நாளேனும் அதில் ஏறுவோம். ஒரே விருந்துக்கு ஒரே தெருவிலிருந்து பத்துக் கார்கள் போகாமல் ஒரு வேனில் சேர்ந்து போவோம். நம் வீட்டுத் திருமணங்களில் காரைச் சீராகக் கொடுப்பதுமில்லை, பெறுவதுமில்லை என்று ஜமாஅத்துகளில் பேசி முடிவு செய்வோம். ரயிலில் வந்த விருந்தாளியை, "கார் ரிப்பேரா?" என்று கேளாதிருப்போம்.

இவற்றால் உலக எண்ணெய்ச் சந்தையில் ஒரு காசும் அசையாது என்பதை நாம் அறிவோம். தலைமடைக்காரன் தன் மடையைச் சிறிது தாழ்த்துவதாலும் ஆறு பெருகிவிடுவதில்லை. கடைமடைக்கு நீர் போகும், அவ்வளவே.

அந்த நிக்காஹ் வீட்டார் அடுத்த மாதம் மறுவிருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். ரயிலிலேயே செல்வதென்று இருக்கிறோம்.